நுளம்பு வலைக்குள் ஆறு கொச்சிக்காய்ச் செடிகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பல் இருந்த காலத்தில் தோய்க்காமலும் தின்றவன்தான். அந்த நேரம் ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "அங்கிள், நீங்கதானே கொச்சிக்கா டொக்டரோட வேலை செஞ்சவர்?" என்று கேட்டாள்.

பெயர் தர்ஷினி. முப்பது வருடத்துக்கு மேல் நான் கூலிக்கும் பிறகு சம்பளத்துக்கும் வெயில் காய்ந்த அதே விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உத்தியோகத்தர். டொக்டர் போன வருடம் உடப்பில் காலமாகிவிட்டார். அவரைப் பற்றி நிலையத்தில் ஒரு சிறு மலர் போடுகிறார்களாம். அவரோடு வேலை செய்த ஆட்களில் உயிரோடும் ஞாபகத்தோடும் மிஞ்சியிருப்பது நான் ஒருவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உயிர் சரி. ஞாபகத்துக்கு நான் பொறுப்பில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு ஒரு படிவத்தைத் தந்து, "அடுத்த செவ்வாய் வந்து எடுத்துக்கிறன் அங்கிள்" என்று போய்விட்டாள்.

படிவம் என்றால் எனக்குப் பழக்கம்தான். அரசாங்கத்தில் வேலை செய்தவனுக்குப் படிவம் நிரப்புவது வெற்றிலை போடுவது மாதிரி. பிறந்த ஊர், படிப்பு, சேவைக்காலம், குணநலன்கள் என்று ஒவ்வொரு கூட்டையும் மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது கூட்டில் பேனை நின்றுவிட்டது. 'அன்னார் வெளியிட்ட பயிர் இனங்கள்' என்று போட்டு, கீழே ஐந்து கோடு விட்டிருந்தார்கள்.

அந்த ஐந்து கோட்டுக்கும் எழுத ஒன்றுமில்லை. ஒரு மனிதன் ஆயுள் முழுக்க ஒரே ஒரு கொச்சிக்காய்க்காக மாரடித்தான், அது வெளியே வரவில்லை. வராமல் போனதற்கு இரண்டு பேர் காரணம். ஒன்று நான். மற்றவள் அந்த நேரம் குசினியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கமறலில் இருமிக்கொண்டேதான் டொக்டரை நினைத்தேன். கொச்சிக்காய்க் கமறலில்லாமல் அவரை நினைக்க என்னால் முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, ஒரு பச்சைக் கொச்சிக்காயைக் கையில் தந்து, "மென்டு தின்னு தம்பி" என்றார். ஏதோ மரியாதைக்குத் தருகிறார் என்று நினைத்து மென்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் தண்ணீர் கேட்டதும் கொப்பியில் ஏதோ எழுதினார். அடுத்த பாத்தியிலிருந்து இன்னொன்று. காரத்தை அளக்கிற மெஷின் தலைமைக் கந்தோரில்தான் இருந்ததாம். அது வந்துசேரும் வரைக்கும் நான்தான் மெஷின். அது கடைசிவரை வரவில்லை.

ஆள் பிறந்தது உடப்பில். கடலுக்குப் போகிற குடும்பம். தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, சொந்தமாக வலையும் தோணியும் வைத்திருந்தவர். அந்த ஊரில் பிறந்து, வலையில் கை வைக்காமல் செடியைப் பிடித்துக்கொண்ட ஒரே மனுசன் அவர்தான் என்று அவருடைய தம்பிமாரே பகிடி பண்ணுவார்கள். நிலையத்தில் வேலை செய்த சிங்கள ஆட்களுக்கு அவர் 'மிரிஸ் மாத்தயா', மிளகாய் ஐயா. கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் எங்களுடைய ஆட்களுக்குக் கொச்சிக்கா டொக்டர். காய்ச்சல் என்று மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒருவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒரு பொட்டலம் விதையாவது கொடுத்துத்தான் விடுவார்.

எதையும் எண்ணாமல் நம்பமாட்டார். கழுத்தில் நூல் கட்டிய ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். இலையைப் பார்ப்பார், மண்ணைப் பார்ப்பார், சோற்றில் கல் கிடந்தால் அதையும் பார்ப்பார். ஒரு முறை என் மீசையைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பசளை காணாது" என்றார். ஆனால் ஆடி மாதம் வந்தால் இந்த மனுசன் பதினெட்டு நாள் விரதமிருந்து, உடப்புக் கோயிலில் தீ மிதிப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், எல்லாத்துக்கும் மூணு போகம் பார்க்கணும் எண்டு சொல்லுறீங்க, இது மட்டும் எப்படி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில இன்னொரு பாத்தி இல்லையே தம்பி" என்றார்.

அந்தப் பக்கத்துப் பாத்திதான் இந்தக் கதை முழுவதும்.

எங்கள் பக்கத்து மணலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோண்டினால் ஆள் உயரத்தில் நல்ல தண்ணீர். இரண்டு கையிலும் இரண்டு பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஊற்றினால் எதுவும் முளைக்கும். கொச்சிக்காயும் முளைக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் இலையெல்லாம் சுருண்டு, செடி குறண்டிப் போய்விடும். இலைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதற்கு மருந்து அடித்து அடித்து, நெஞ்சு நோவு வந்தவர்கள் எத்தனையோ பேர். டொக்டரின் ஆசை ஒன்றுதான். மருந்து அடிக்காமலே இலை சுருளாத ஒரு கொச்சிக்காய். அதை உண்டாக்க அவருக்குப் பதினாறு வருடம் பிடித்தது. பார்வைக்கு ஊர்க் கொச்சிக்காயும் அதுவும் ஒன்றேதான். காயைப் பார்த்தோ பூவைப் பார்த்தோ அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

புதிய இனம் ஒன்றை வெளியிட வேண்டுமென்றால் மூன்று போகம், மூன்று இடத்தில், ஊர் இனத்துக்குப் பக்கத்தில் நட்டு வென்று காட்ட வேண்டும். இரண்டு இடத்தில் வென்றாயிற்று. ஊர்ச் செடி சுருண்டு கிடக்க, டொக்டரின் செடி ஜம்மென்று நின்றது. மூன்றாவது மாம்புரியில், சேகு நானாவின் தோட்டத்தில். அதை முடித்துக்கொண்டு போனால் மலைநாட்டுத் தலைமைக் கந்தோரில் கூட்டம், வெளியீடு, அதோடு டொக்டருக்கு ஓய்வு. ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் மிச்சம் இருந்தது. இன்னொரு போகம் பார்க்க நேரமில்லை.

பன்னிரண்டு பாத்தி. டொக்டரின் செடிக்குச் சிவப்புக் குச்சி, ஊர்ச் செடிக்கு வெள்ளைக் குச்சி. எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டும் என்று சட்டம். குலுக்கியவன் நான். என் கைராசி, வெள்ளைக் குச்சி ஆறில் நான்கு பாத்தி ரோட்டோரமாக விழுந்தது. டொக்டர் சேகு நானாவைக் கூப்பிட்டு, "நானா, பன்னிரண்டுக்கும் ஒரே மாதிரித் தண்ணி. மருந்து கிருந்து ஒண்டும் வேணாம். வெள்ளைக் குச்சிச் செடி செத்தாச் சாகட்டும். அது செத்தாத்தான் என்ட செடி பிழைச்சது கணக்குக்கு வரும்" என்று சொன்னார்.

சேகு நானா தலையாட்டினார். ஆனால் முகம் போன போக்கை நான் கண்டேன். தோட்டக்காரனிடம் போய், உன் தோட்டத்தில் ரோட்டோரமாக நாலு பாத்தியைச் சாக விடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் சாப்பாட்டை விட்டாலும் விடுவார், பாத்தியை விடமாட்டார்.

இந்த இடத்தில் என்னுடைய அலுவல் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை. சேகு நானாவுக்கு ஒரு மகள். பெயர் பௌசியா. கிழமைக்கு இரண்டு தரம் இலை எண்ணப் போகும்போது தேத்தண்ணி வரும். தேத்தண்ணியைக் கொண்டுவருவது சேகு நானா. ஆனால் சீனி போட்ட கை யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் சீனி கொஞ்சம் கூடியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் உம்மாவிடம் போய்ச் சொல்லி, உம்மாவும் ராத்தாவும் பெண் பார்க்க வருவதாக முடிவாகிவிட்டது. செடி நட்டு எட்டாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்.

எட்டாவது கிழமைதான் ஊர்ச் செடி சுருண்டு விழுகிற கிழமை.

ஏழாவது கிழமை இலை எண்ணப் போனேன். வெள்ளைக் குச்சிப் பாத்தியில் குந்தியிருந்து இலையைத் திருப்பினேன். கீழே பூச்சியைக் காணவில்லை. இலை பளிச்சென்று இருந்தது. கையை மணந்து பார்த்தேன். சவர்க்கார வாசம். உடுப்புக் கழுவுகிற மஞ்சள் சவர்க்காரம். அந்தச் சவர்க்காரம் இப்போதும் கடையில் கிடைக்கிறது. அந்த மணம் வந்தால் எனக்கு ஏழாவது கிழமை ஞாபகம் வரும். அடுத்த பாத்தி, அதற்கு அடுத்த பாத்தி, ஆறு வெள்ளைக் குச்சியிலும் அதே வாசம். சிவப்புக் குச்சியில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தால், கிணற்றடியில் ஒரு வாளியும் பழைய துணியும். வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் ரோட்டோரமாக நாலு பாத்தி செத்துக் கிடந்தால், வாப்பாவுக்கு எவ்வளவு குறைச்சல் என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறாள். உச்சி வெயிலில், ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவியிருக்கிறாள். நாலு பாத்தியோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே இருந்த மற்ற இரண்டும் பாவம் என்று அவற்றையும் கழுவிவிட்டிருக்கிறாள். அவள் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. முப்பத்து நான்கு வருடமாக நானும் அதற்குச் சாட்சி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் சேகு நானாவிடம் வருவார். சேகு நானா தலை குனிவார். தலை குனிந்த மனிதர், தலை குனிய வைத்தவனுக்கு மகளைத் தருவாரா? கொப்பியில் 'சுருண்ட இலை: குறைவு' என்று எழுதி, மூடி, கமக்கட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உம்மா வந்தா, பார்த்தா. தோட்டத்தைக் கண்டு, "மாஷா அல்லாஹ், எப்படிப் பச்சைப் பசேரெண்டு இருக்கு" என்றா. பெண்ணைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

கடைசிக் கணக்கெடுப்பில் சிவப்பும் வெள்ளையும் சரிசமம். டொக்டர் கூட்டினார், திரும்பக் கூட்டினார், பிறகு நேரே வந்து மணலில் உட்கார்ந்து கண்ணாடியால் பார்த்தார். அப்போது மழை பெய்து சவர்க்கார வாசமும் போய்விட்டிருந்தது. எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு, "என்ட செடி தோத்துப் போச்சு தம்பி. பதினாறு வருசம் நான் என்னையே ஏமாத்தியிருக்கிறன் போல" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னையே சந்தேகப்பட்டதுதான் தாங்க முடியாமல் போனது.

அப்படியும் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்கிற தைரியம் வந்த பிறகு, அவர் மலைநாட்டுக் கூட்டத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், கந்தோரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவருடைய மேசை லாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டு, புத்திசாலித்தனமாக ஒரு வழியும் சொன்னேன். "சேர், வெள்ளைக் குச்சிக் கணக்க நான் மாத்தி எழுதிட்டா? மற்ற ரெண்டு இடத்திலயும் வந்த மாதிரியே?"

அவர் என்மேல் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான். "அப்ப என்னத்துக்குத் தம்பி செடி நட்டோம்? இந்த மேசையிலேயே இருந்து எழுதியிருக்கலாமே."

பிறகு சட்டென்று, "எத்தனை தரம் கழுவினாளாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "ஜீப்பில ஏறு" என்றார்.

சேகு நானா வீட்டில் நான் கண்ட காட்சியை இன்னும் மறக்கவில்லை. டொக்டர் கதிரை நுனியில் கொப்பியும் கையுமாக. கதவுக்குப் பின்னால் பௌசியா, நிலையைப் பிடித்துக்கொண்டு. நடுவில் சேகு நானா, விஷயம் இன்னும் விளங்காமல்.

"எந்தச் சவர்க்காரம் மகள்?"

"உடுப்புக் கழுவுறது."

"ஒரு வாளிக்கு எவ்வளவு?"

"நெருப்புப்பெட்டி அளவு."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"மூணு நாளைக்கு."

"இலைக்கு மேலயா, கீழயா?"

"கீழதான். பூச்சி கீழதானே இருக்கு."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? உனக்கு அரசாங்கம் சம்பளம் தருது. இந்தப் பிள்ளைக்கு ஆர் குடுக்கிறது?" என்றார். முகம் மலர்ந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கி, இரண்டு கோப்பை குடித்தார். பதினாறு வருட வேலை கையை விட்டுப் போன மனுசன், ஒரு புதிய சங்கதி கிடைத்துவிட்டது என்று அப்படிச் சந்தோசப்பட்டதைப் பார்க்க, எனக்கு அழுகைதான் வந்தது.

திரும்பும்போது ஜீப்பில், "அவள் கழுவினதாலதான் என்ட செடி போச்சு எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதே. கவலைப்படும்" என்றார். நானும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு அவர் கொண்டுபோன அறிக்கையில் யாருடைய பெயரும் இல்லை. மேற்பார்வை போதாமையால் மாம்புரிப் பரீட்சை கணக்கில் எடுக்கத்தக்கதல்ல என்று ஒரு வரி. மேற்பார்வை அவருடைய பொறுப்பு, ஆகவே குறை அவருடையது. மூன்றாவது போகம் இல்லை என்பதால் இனமும் இல்லை. குறித்த நாளில் ஓய்வு பெற்று உடப்புக்குப் போய்விட்டார். போகும் முன்பு சவர்க்காரத் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அடித்து, கற்பிட்டியிலிருந்து முந்தல் வரைக்கும் விநியோகித்தார். மருந்துக் காசு மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர் அல்ல.

அந்தப் பிரசுரம் ஒன்று இன்றைக்கும் எங்கள் அலுமாரியில், காணி உறுதிக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பௌசியா அதை எடுத்துக் காட்டி, "டொக்டருக்கே படிச்சுக் குடுத்தவள் நான்" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். இவளுக்குத் தெரிந்தால் எப்படி உடைந்து போவாள் என்று நினைத்து, அந்தப் பெருமையை முப்பத்து நான்கு வருடமாக முட்டை மாதிரிக் கையில் பொத்திக் காப்பாற்றி வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்றுகூட நினைப்பு.

கலியாணத்துக்கு டொக்டர் வந்து, மண்ணிறக் கடித உறை ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கொச்சிக்காய் விதை. சிவப்புக் குச்சி விதை. மற்றவர்கள் சேலை கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள். அந்த விதையை அவள் கிணற்றடியில் நட்டாள். ஒவ்வொரு வருடமும் ஆறு செடி, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அதற்கு மேலே நாலு கம்பு ஊன்றி, கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலையைக் கட்டிவிட்டாள். "கோழி கிளறுது" என்று காரணம் சொன்னாள். காலையில் சுபஹு தொழுத கையோடு போய், வலைக்குள் கையை விட்டு ஒவ்வொரு செடியாகத் தட்டிவிட்டு வருவாள். "என்ன, கொச்சிக்காவ நித்திரையால எழுப்பியாச்சா?" என்று கேட்பேன். அவள் சிரிப்பாள். ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பகிடியைச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. புருசனுக்கு நுளம்பு, செடிக்கு வலை.

வருடம் ஒருக்கா அவளுடைய தம்பி மீன் ஏலத்துக்கு உடப்புக்குப் போகும்போது டொக்டர் வீட்டுக்குச் செத்தல் பார்சல் ஒன்று போகும். அதற்கும் பகிடி வைத்திருந்தேன். கலியாணப் பரிசுக்குத் திறை கட்டுகிறாள் என்று.

எட்டொன்பது வருடத்துக்கு முன்னர் பித்தப்பையில் கல் என்று பௌசியாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பதினாறு நாள். நுளம்பு என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. நான் ஒரு புத்திசாலி அல்லவா? கிணற்றடிக்குப் போய் வலையைக் கழற்றி, உதறி, கட்டிலுக்கு மேலே கட்டிவிட்டேன். செடிகள் பூத்துக் குலுங்கி நின்றன. கோழியோ அப்போது வீட்டில் இல்லவே இல்லை. கடைசிக் கோழியையும் முதல் வருடமே அறுத்துச் சாப்பிட்டாயிற்று. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளே வராமல் நேரே கிணற்றடிக்குத்தான் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, "வலை எங்க?" என்றாள்.

"கட்டில்ல."

"நல்லா நித்திர கொண்டீங்களா?"

"ஓம், நல்லா."

அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு அவள் வலை கட்டவில்லை. மறு வருடமும் ஆறு செடி நட்டாள். இரண்டில் இலை சுருண்டது. அதற்கு மறு வருடம் நடவில்லை. வயது போகிறது, இனி ஏலாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தர்ஷினி சொன்னபடி வந்தாள். ஐந்தாவது கூடு இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. அவளிடம் ஒரு தடித்த கோப்பு. "டொக்டர்ட வீட்டுக்காரங்க அவர்ட கொப்பி எல்லாத்தையும் நிலையத்துக்குத் தந்திட்டாங்க அங்கிள். பாருங்க" என்று விரித்தாள். மேலே அந்தப் பழைய அறிக்கை. மேற்பார்வை போதாமையால் என்ற வரியை அவளே சத்தமாக வாசித்தாள். பௌசியா தேத்தண்ணியோடு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். தாளைத் திருப்பினால் போதும் என்று அவசரமாகத் திருப்பினேன்.

அடுத்தது ஓய்வு பெற்ற பிறகு டொக்டர் எழுதிய கொப்பி. வருடத்துக்கு ஒரு வரி. அதே குனிந்த எழுத்து. 'மாம்புரி, பௌசியா. ஆறு செடி. வலைக்குள். சுத்தம். விதை கிடைத்தது.' அடுத்த வரி, 'ஆறு செடி. வலைக்குள். சுத்தம்.' அதற்கு அடுத்ததும் அப்படியே. ஒரு பக்கம் முழுக்கச் சுத்தம், சுத்தம், சுத்தம். இடையிடையே, 'மூன்றாவது போகம் நடத்தும்படி நிலையத்துக்குத் திரும்பவும் கடிதம். பதில் இல்லை.' கடைசி வரியில் எழுத்து நடுங்கியிருந்தது. 'வலை எடுபட்டது. கலந்துவிட்டது.'

எடுபட்டது. யார் எடுத்தது என்று எழுதவில்லை.

தேனீ வந்து ஊர்ச் செடியின் மகரந்தத்தைக் கலந்துவிடாமல் பூவைத் துணியால் கட்டுவதை நிலையத்தில் ஆயிரம் தரம் செய்தவன் நான். அதற்காகச் சம்பளம் வாங்கியவன். அதே வேலை என் வீட்டுக் கிணற்றடியில் இருபத்தைந்து வருடம் நடந்திருக்கிறது. காலையில் அவள் செடியைத் தட்டியது தேனீக்குப் பதிலாக, செத்தல் பார்சலுக்குள் போனது விதை. நான் கோழியை நம்பினேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"கலியாணத்தண்டைக்கே சொல்லிட்டார். நான் கழுவினதால அவர்ட செடி போனதையும் சொன்னார். எப்பவாவது ஒருத்தர் வந்து மூணாவது போகம் பார்ப்பாங்க, அதுவரைக்கும் விதைய சுத்தமா வச்சிரு மகள் எண்டார்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க எனக்குச் சொன்னீங்களா? நான் கவலைப்படுவேன் எண்டு நீங்க மறைக்கிறதாம். அதனால எனக்குத் தெரியும் எண்டு உங்களுக்குச் சொல்ல வேணாம், பாவம் எண்டார் டொக்டர்." அவள் தேத்தண்ணியைத் தர்ஷினியின் பக்கம் நகர்த்தினாள். "பிறகு வலைய எடுத்தப்ப சொல்லி என்னத்துக்கு? நீங்களும் கவலைப்படுவீங்க."

தர்ஷினிக்கு எங்கள் இருவரின் முகமும் விளங்கவில்லை. பிள்ளை ஆசையோடு கேட்டாள். "அன்டி, கொஞ்சம் விதையாவது இருக்குமா? பழசெண்டாலும் பரவாயில்ல. மூணாவது போகம் மட்டும்தானே மிச்சம், அத நான் செய்யலாம் எண்டு நிலையத்துப் பெரியவர்கிட்ட கேட்டு அனுமதி எடுத்திட்டன்."

"இல்ல மகள்," என்றாள் பௌசியா. "கடல் காத்துக்கு விதை ஒரு வருசம் தாண்டாது. ஒவ்வொரு வருசமும் இருந்தத விதைச்சுத்தான் அடுத்தது. டொக்டருக்கு அனுப்பினதும் அப்படித்தான் போச்சு."

நான் பேனையை எடுத்தேன். 'வெளியிட்ட பயிர் இனங்கள்' கூட்டில் 'இல்லை' என்று எழுதினேன். கீழே நாலு கோடு மிஞ்சியது. காரணத்தையும் எழுதினால்தான் அந்த மனுசனுக்கு நான் செய்கிற நியாயம் என்று பட்டது. என்ன எழுதுவது, எங்கே தொடங்குவது என்று விளங்கவில்லை. இரண்டு தரமும் குற்றவாளி ஒருவன்தான். பௌசியா பின்னாலிருந்து குனிந்து பார்த்தாள். என் தோளில் கை வைத்தாள்.

"மேற்பார்வை போதாது எண்டு எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். அதன் கீழே என் பெயரையும் எழுதினேன்.

சேகு நானா மௌத்தாகிவிட்டார். அவருடைய ரோட்டோரத் தோட்டத்தில் இப்போது பேரன்மார் பைக்கட் விதை போடுகிறார்கள், வருடா வருடம் புதிதாக வாங்க வேண்டும். தண்ணீர் குழாயால் தானாகத் தெளிக்கிறது, பூவாளி தூக்க ஆளில்லை. நுரைச்சோலைப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டு நிற்கிறது. மஞ்சள் சவர்க்காரம் கடையில் கிடைக்கிறது. வலை என் கட்டிலுக்கு மேலேதான் தொங்குகிறது, ஓட்டை ஒன்றும் இல்லை. அந்தக் கொச்சிக்காய்தான் இல்லை.